பட்டியலைத் தலைகீழாக மாற்றித் தரவும்

வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதை அவருக்கே புரியாதபடி எழுதித் தருவதற்கு எல்லா சாஃப்ட்வேர் நிறுவனத்திலும் ஒரு ஆளை வைத்திருப்பார்கள். எங்கள் நிறுவனத்தில் அந்த ஆள் நான். உத்தியோகப் பெயர், தேவை ஆய்வாளர். ஏழு வருஷமாக ஆய்ந்துகொண்டிருக்கிறேன். இதுவரை கெட்ட பெயர் எடுத்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரொட்டிக்காரம்மாவிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. அவர் ரொட்டி சுட்டு ஊருக்குள் வண்டியில் அனுப்புகிறவர். கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். தாளின் ஓரத்தில் மாவு படிந்த கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது. மொத்தக் கடிதமும் ஒரே வாக்கியம்: "தங்கள் சாஃப்ட்வேர் தினமும் காலையில் அச்சடித்துத் தரும் பட்டியலைத் தலைகீழாக மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் சம்பளம் வாங்குகிறோமே என்று நேரில் போய்ப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்த அம்மாவிடம் இருப்பது ஒரே வண்டி. அதற்குப் பின்னால் மட்டும்தான் கதவு. முதலில் ஏற்றுகிற தட்டு உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், கடைசியாகத்தான் வெளியே வரும். வண்டி முதலில் போய் நிற்கிற இடம் பெரிய ஆஸ்பத்திரி. ஆகவே ஆஸ்பத்திரித் தட்டுகளைக் கடைசியில் ஏற்ற வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் அந்த அம்மாவின் கொழுந்தனார். எங்கள் சாஃப்ட்வேர் வருவதற்கு முன்னால் அவர் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு எங்கள் சாஃப்ட்வேர் போய்ச் சேர்ந்தது. வண்டி போகிற வரிசையில், ஆஸ்பத்திரியை உச்சியில் போட்டு, நீளமாக ஒரு சீட்டு அச்சடித்துத் தந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே என்று எல்லோரும் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, அதே வரிசையில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து கொழுந்தனார் தினமும் ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது தட்டுகளை இறக்கித் தரையில் அடுக்குகிறார், உள்ளே கிடக்கிற ஆஸ்பத்திரித் தட்டுகளை உருவி எடுக்கிறார், மறுபடி நாற்பதையும் ஏற்றுகிறார். ஏழு மணிக்குள் வார்டுக்குப் போக வேண்டிய ரொட்டி ஏழே முக்காலுக்குப் போகிறது. ஆஸ்பத்திரி இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டது. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

"சுடுறதுல பாதி ஆஸ்பத்திரிக்குத்தான் போகுது தம்பி," என்றார் ரொட்டிக்காரம்மா. "அது நின்னா ரெண்டாவது அடுப்பை அணைச்சுரணும். அதுல ஒன்பது பேர் நிக்கிறாங்க. அதுல ஆறு பேருக்கு என் வயசு. இந்த வயசுல எங்க போய் வேலை கேப்பாங்க?"

ஒரு நிமிஷ வேலை, நாளைக்கே முடித்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் புரோகிராமர்களில் மூத்தவர் ஒருத்தர் உண்டு. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "இது ஒரு வரி வேலை" என்று சொல்வதால் அவருக்கு ஒருவரி அக்கா என்று பெயர். அவரிடம் போய் விவரத்தைச் சொன்னேன். பேசி முடிப்பதற்குள் பாதி வேலையை முடித்திருந்தார். கால் மணி நேரத்தில் சோதித்தும் காட்டினார். ஆஸ்பத்திரி, சீட்டின் அடியில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை அனுப்பி வைக்க மேனேஜரின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

எங்கள் மேனேஜரை நாங்கள் 'அடுத்த தலைமுறை' என்று கூப்பிடுவோம். முகத்துக்கு நேரே இல்லை. அவர் எதைப் பற்றிப் பேசினாலும் அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பத்தில் கொண்டுபோய் முடிப்பார். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று புகார் போனபோதுகூட அப்படித்தான் முடித்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அவர் கடிதத்தை அச்செடுத்து இரண்டு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு வார்த்தைகளைச் சுற்றி வட்டம் போட்டார்.

"'தலைகீழாக மாற்றி.' இதைக் கவனிச்சீங்களா?"

"ஆமா சார். பட்டியலைத் தலைகீழா..."

"பட்டியலை விடுங்க. அது சும்மா உதாரணத்துக்குச் சொன்னது. ஒரு ரொட்டிக்காரம்மா வந்து தலைகீழ் மாற்றம் கேக்குறாங்க. பெரிய பெரிய பேங்குக்கே இன்னும் இந்தத் தைரியம் வரல."

நான் வண்டியைப் பற்றிச் சொன்னேன். பின்கதவைப் பற்றிச் சொன்னேன். நாற்பது தட்டு, ஒன்பது பேர், மாதக் கடைசி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுக்கிறவன் வெறும் கடைக்காரன், கேட்கத் தெரியாததைக் கொடுப்பதுதான் தொழில்நுட்ப நிறுவனம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன், பழக்க தோஷம்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'தலைகீழ்' என்ற பெயரில் மாபெரும் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் தொடங்கப்படுவதாகவும், இனி பழைய சாஃப்ட்வேரில் எவரும் எந்த வரியையும் தொடுவது வருங்காலத்துக்கு இழைக்கும் துரோகமாகக் கருதப்படும் எனவும், இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்பட்டது. ஒருவரி அக்கா எழுதிய மாற்றம் அவருடைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. அவர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"அந்தம்மா கேட்டது ரொட்டி வண்டிக்கு. நீங்க குடுக்கிறது உங்க பயோடேட்டாவுக்கு," என்றார்.

மறுநாளே அவரை 'மாற்றத்தை அஞ்சாதே' என்ற இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்னது மேனேஜருக்கு மட்டும் பொருந்தாது. திட்டத்தில் யார் யார் சேருகிறீர்கள் என்று கேட்டபோது நாற்பத்திரண்டு கை தூக்கினோம். ரொட்டிக்காக எவனும் தூக்கவில்லை. செயற்கை நுண்ணறிவில் வேலை பார்த்தேன் என்று பயோடேட்டாவில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், அடுத்த கம்பெனியில் மரியாதையாக உட்கார வைப்பார்கள். எனக்கும் வீடு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் உண்டு. மைத்துனன் வேறு இதே தொழிலில் இருக்கிறான். குடும்ப விசேஷத்தில் எல்லாம், "மச்சான், நீங்க இன்னும் அந்தப் பழசையேதான் பாக்குறீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

திட்டத்தின் முதல் கட்டமாக வாடிக்கையாளரோடு ஓர் ஆழ்ந்த உரையாடல் நடந்தது. ரொட்டிக்காரம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து, கண்ணாடி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் நாங்கள் பதினொரு பேர்.

"சொல்லுங்கம்மா," என்றார் அடுத்த தலைமுறை, குரலைத் தணித்துக்கொண்டு. "உங்க வலி எங்க இருக்கு?"

"முழங்கால்லதான். ரொம்ப நேரம் நிக்கிறதுல வருது."

"நான் தொழில்ல இருக்கிற வலியைக் கேட்டேன்."

"தொழில்லதான் நிக்கிறேன்."

நான் குறுக்கிட்டு விளக்கியதும், பட்டியல் தலைகீழாக இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அந்த அம்மா இன்னொரு தடவை சொன்னார். வாடிக்கையாளர் தன் தேவையில் உறுதியாக இருக்கிறார் என்று குறிப்பில் பதிவாயிற்று.

இரண்டாவது வாரம் அடுப்படியில் ஒரு கேமரா பொருத்தினார்கள். முன்னால் வருவது ரொட்டிதானா என்று அது தானாகவே கண்டுபிடிக்கும். தொண்ணூற்று நான்கு சதவீதம் ரொட்டி என்று ஸ்கிரீனில் காட்டியது. மிச்சம் ஆறு சதவீதம் என்ன என்று கொழுந்தனார் கேட்டார். செருப்பாகவும் இருக்கலாம் என்று அதற்கு ஒரு சின்னச் சந்தேகம் என எங்கள் பையன்கள் விளக்கினார்கள். கொழுந்தனார் அந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்றார். அதற்குப் பிறகு கேமரா எழுபது சதவீதம் என்றது.

மூன்றாவது வாரம் பட்டியல் பேச ஆரம்பித்தது. தட்டு ஏற்றுகிறவர் ஸ்கிரீன் முன்னால் நின்றால், "வணக்கம்! இன்று எதை ஏற்ற விரும்புகிறீர்கள்?" என்று இனிமையான பெண் குரலில் கேட்கும்.

"ரொட்டி," என்றார் கொழுந்தனார்.

"மிக நல்ல தேர்வு! வேறு ஏதேனும்?"

"ரொட்டிதான் இருக்கு."

"உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன்," என்றது பட்டியல். இதைக் கேட்டுவிட்டு ரொட்டிக்காரம்மா, பரவாயில்லை, இந்த வீட்டில் என் கொழுந்தனைப் பாராட்ட ஒரு ஆளாவது வந்ததே என்று சொன்னதாகக் கேள்வி. இதற்கிடையில் வண்டி தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தினமும் போன் வரும். "தம்பி, அந்தப் பட்டியல்?" என்பார். "ஆயிட்டே இருக்கும்மா," என்பேன். பொய்யும் இல்லை, ஆயிட்டேதான் இருந்தது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் செயற்கை நுண்ணறிவு தன் இறுதி முடிவை அறிவித்தது. அது கடந்த ஆண்டின் போக்குவரத்து, மழை, ரொட்டியின் எடை, கொழுந்தனாரின் பிறந்த தேதி முதலிய அனைத்தையும் பதினொரு நாட்கள் அலசி ஆராய்ந்து, மிகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடித்திருந்தது. சீட்டு வெளியே வந்தது. உச்சியில் ஆஸ்பத்திரி இருந்தது. கீழே, ஏன் ஆஸ்பத்திரி முதலில் வர வேண்டும் என்று இரண்டு பத்தி விளக்கமும் அச்சாகியிருந்தது. பழைய சீட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்த இரண்டு பத்திதான்.

கொழுந்தனார் பொறுமைசாலி. ஆனால் அவருக்கும் ஒரு அளவு உண்டு அல்லவா. சீட்டைக் கையில் வாங்கினார், ரொட்டிக்காரம்மாவைப் பார்த்தார், எங்கள் பையன்களைப் பார்த்தார், சீட்டைப் படக்கென்று பாதியாகக் கிழித்து வீசினார். பிறகு கோபம் தணிந்து, பொழைப்பைப் பார்க்கணுமே என்று குனிந்து பொறுக்கினார். கீழ்ப்பாதிதான் முதலில் கைக்கு வந்தது. அதன் வால் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே தட்டுகளை ஏற்ற ஆரம்பித்தார். மேல்பாதியை அப்புறம் எடுத்தார். ஆஸ்பத்திரி கடைசியில் ஏறியது.

அன்று ஆறு ஐம்பதுக்கு ரொட்டி வார்டில் இருந்தது. அடுத்த நாளும் அதேதான். சீட்டு தன் பாட்டுக்கு மேலேயிருந்து கீழே வந்தது, இவர்கள் பாட்டுக்குக் கீழேயிருந்து மேலே படித்தார்கள். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒப்பந்தம் தொடரும் என்று கடிதம் வந்துவிட்டது. இதை முதல் நாளே யாராவது செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. சீட்டு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது, அதைக் கீழேயிருந்து படிக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் அலுவலகச் சுவரில், வாடிக்கையாளர்களின் நிலவரத்தைக் காட்டும் பெரிய ஸ்கிரீனில் ரொட்டிக்காரம்மாவின் கட்டம் அதுவரை சிவப்பாக இருந்தது. திடீரென்று பச்சையாயிற்று. அடுத்த தலைமுறை அதன் எதிரில் நின்று கண் கலங்கினார். செயற்கை நுண்ணறிவு முடிவு சொன்ன அதே நாளில் தாமதம் ஒழிந்தது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நான் கொழுந்தனார் சீட்டைக் கிழித்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதே சமயம் என் கையில் ஒரு உறையைக் கொடுத்தார்கள். பிரித்தால், எனக்குப் புது உத்தியோகப் பெயர்: முதுநிலைத் தலைகீழ் மாற்ற வல்லுநர். திறந்த வாயால் நன்றி சொன்னேன்.

இந்தத் திட்டத்துக்கு விருது கிடைத்தது. விழா ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்கள் எல்லாம் தொழிலதிபர்கள், உயர் அதிகாரிகள். ரொட்டிக்காரம்மாவை மேடையேற்றிப் பூங்கொத்து கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தை எப்படிச் சாதித்தீர்கள் என்று தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். அந்த அம்மாவுக்குச் சூதுவாது தெரியாது. உள்ளது உள்ளபடி சொன்னார்.

"ஒண்ணும் பெருசா இல்லைங்க. கீழேயிருந்து படிச்சோம். அவ்வளவுதான்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு ஆழமான வார்த்தை! மேலே இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களிடமிருந்து படித்துக்கொள்ள வேண்டும்! சீட்டைங்க, சீட்டைத்தான் கீழேயிருந்து படித்தோம் என்று அந்த அம்மா மைக்கைத் தேடிச் சொன்னது கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. அடுத்த வாரமே எங்கள் நிறுவனத்தில் 'கீழிருந்து படித்தல்' என்று பயிற்சி வகுப்பு ஆரம்பமாயிற்று. மேனேஜர்கள் எல்லாம் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். பிற நிறுவனங்கள் ஆளனுப்பிக் கற்றுக்கொண்டு போயின. ஒருவரி அக்கா தன் பயிற்சியை முடித்துத் திரும்பி வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, ராஜினாமாக் கடிதம் எழுதினார். அதுவும் ஒரே வரிதான்.

அந்த மண்டபத்தில் கைதட்டியவர்களில் பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியும் ஒருவர். ஒரு ரொட்டிக்கடையே இப்படி மாறும்போது ஆஸ்பத்திரி மாறக் கூடாதா என்று அவருக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லையாம். பத்தே நாளில் எங்களுக்கு ஆர்டர் வந்தது. கூடவே ரொட்டிக்காரம்மாவுக்கும் ஒரு கடிதம் போயிற்று. இம்மருத்துவமனை தங்களை முன்மாதிரியாகக் கொண்டு தலைகீழ் மாற்றத்தில் இறங்கியுள்ளது என்றும், புதிய முறை நிறுவப்படும் வரையிலான சுமார் பதினெட்டு மாதங்களுக்குப் பழைய முறையிலான கொள்முதல்கள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்றும், தங்களது ஊக்கத்துக்கு உளமார்ந்த நன்றி என்றும் அதில் இருந்தது. வார்டுகளில் காலையில் பாக்கெட் பிஸ்கட் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

ரொட்டிக்காரம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறைச் சுவரில் அவருடைய படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது, கையில் பூங்கொத்தோடு. அதற்குக் கீழே இருந்த சோபாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வரவேற்பறைப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் போனதும் அவர் எழுந்து நின்றார். எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

"ஒன்பது பேர்ல நாலு பேருக்கு மட்டும்தான் வேற இடம் கிடைச்சிருக்கு," என்றார். "மத்தவங்க தினமும் காலையில வந்து சும்மா நிக்கிறாங்க, வீட்டுல இருக்க முடியலன்னு. தம்பி, நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான் முதல்ல வந்து எழுதிக்கிட்டுப் போனீங்க. அந்த ஆஸ்பத்திரி ஆபீசர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க சாஃப்ட்வேரால ஒண்ணும் நடக்கலைங்க, சீட்டைக் கீழேயிருந்து படிச்சாங்க, அவ்வளவுதான்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கும் நெஞ்சு இருக்கிறது, அன்றைக்கு அது நன்றாகவே உறுத்தியது. மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குத் தேவை ஆராயப் போகும்போது வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நிர்வாக அதிகாரி என்னை வாசல் வரை வந்து வரவேற்றார். காப்பி வந்தது, பாக்கெட் பிஸ்கட்டும் வந்தது. மேஜையில் ஒப்பந்தம் விரித்து வைத்திருந்தது. இது கையெழுத்தானால் ஆஸ்பத்திரித் திட்டம் முழுக்க என் பொறுப்பு, என்னுடைய பெயர் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அடுத்த தலைமுறை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி பேனா மூடியைத் திறந்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே அந்த ரொட்டிக்காரம்மா வேலையை ஆரம்பத்துலேர்ந்து பாத்தவர்? மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்க சிஸ்டம் வந்த பிறகு அந்தம்மா எப்படி இருக்காங்க?"

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். அது நல்ல சூடாக இருந்தது.

"முன்ன மாதிரி இல்ல சார்," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதுதான் வேணும். எங்களையும் அதே மாதிரி ஆக்கிருங்க," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"ஆக்கிடலாம் சார்," என்றேன்.